காதில் விழாத சாவு

"சின்னய்யா, அய்யா வந்து…" என்று ஜெயசுதா தொடங்கியதும், "நிறுத்து" என்றார் தங்கப்பாண்டி.

நிறுத்தினாள். ஒரு கையில் போன். மறு கையில், பெற்ற அய்யாவின் தாடையைச் சேர்த்துக் கட்டுவதற்காக அவருடைய பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணி. மறுமுனையில் கோயில் குழாய் ரேடியோ அம்மனை வரச்சொல்லி அலறிக்கொண்டிருந்தது. தங்கப்பாண்டி அதற்கு மேலே ஏறிப் பேசினார். பிறகு யாரோ பக்கத்தில் வந்திருக்க வேண்டும், குரலை இறக்கினார்.

"நீ என்னத்தச் சொல்ல வந்தியோ அதச் சொல்லாத. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும். அண்ணன் எப்படி இருக்காக?"

"அதத்தான் சின்னய்யா சொல்ல வாரேன்…"

"நேத்து இருந்தாப்புலயே அப்படியேதான் இருக்காக. என்ன? சொல்லு."

அவள் கட்டிலைப் பார்த்தாள். விடிவதற்கு முன் எப்போதோ போயிருக்கிறார். அவள் புருஷன் இமானுவேல் காபி கொண்டுபோய், "மாமா, மாமா" என்று தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, யாரோ பாதியில் பேச்சை வெட்டிவிட்ட மாதிரி.

"அப்படியேதான் இருக்காக" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அம்புட்டுத்தான்! ஆத்தா காப்பாத்துவா" என்றார் தங்கப்பாண்டி, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் தீட்டு. கோயில் படி ஏறக்கூடாது, திருநீறு வாங்கக்கூடாது. ஆனால் அந்தத் தீட்டு, செத்தவரின் மூச்சு நிற்கும்போது பிறப்பதில்லை. சேதி காதில் விழும்போதுதான் பிறக்கிறது. சிங்கப்பூரில் இருக்கிற பங்காளிக்குச் சேதி போய்ச் சேரும்வரை அவன் சுத்தமானவன், சேர்ந்த நொடியில் அசுத்தமானவன். இந்த நுட்பத்தைக் கண்டுபிடித்த முன்னோர்கள் விவசாயம் பார்த்ததாகச் சொல்கிறார்கள். வக்கீல் தொழிலையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

திருவாடானைக்குக் கிழக்கே இருக்கிற அவர்கள் ஊரில் அன்றைக்கு முளைப்பாரி. காப்புக் கட்டி எட்டாம் நாள். பொழுது சாயும்போது பெண்கள் பாரியைத் தலையில் தூக்குவதற்கு முன்னால், கோயில் வாசலில் முதல் மரியாதை நடக்கும். மாலையும் துண்டும் திருநீறும் எல்லோருக்கும் முந்தி, ஜெயசுதாவின் பிறந்த வீட்டு மூத்தவருக்கு. இத்தனை வருஷமும் அது சோணைமுத்து அய்யாவின் கழுத்துக்குத்தான் போனது. இந்த வருஷம் அவர் படுத்துவிட்டதால் தம்பி தங்கப்பாண்டிக்கு. தங்கப்பாண்டி இதற்காக வெறும் கையோடு காத்திருக்கவில்லை. ஊர் முக்கில், தன் முகம் கோயில் கோபுரத்தைவிடப் பெரிதாகத் தெரிகிற மாதிரி ஒரு பிளெக்ஸ் வைத்திருந்தார். அதில் அண்ணன் படமும் இருந்தது, மூலையில், வட்டத்துக்குள்.

காப்புக் கட்டிய ஊரில் சாவு விழுந்தால் திருவிழா நின்றுவிடும். அதனால் டாக்டர் கையை விரித்த மறுநாளே, ஆடி பிறக்கும் முன், அண்ணனைக் காரில் ஏற்றி இராமநாதபுரத்துக்கு, ஜெயசுதா வீட்டுக்குக் கொண்டுவந்தார் தங்கப்பாண்டி. வேறு சாதிக்கும் வேறு வேதத்துக்கும் வாக்கப்பட்டுப் போனவள் என்று பதினெட்டு வருஷமாக அவளை எண்ணிக்கையில் சேர்க்காதவர். அன்றைக்குக் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, "ஒத்தப் புள்ள நீதானத்தா, கடைசிக் காலத்துல நீ பாத்தாத்தான அவுகளுக்கு நிம்மதி" என்றார். உறவு என்பது தேவைப்படும்போது முளைக்கும் என்பதற்குப் பாரி வளர்த்துக் காட்ட வேண்டியதில்லை.

அய்யா மறுப்பதற்கும் இல்லை. சாகக் கிடக்கிறவர்களைக் காப்புக்கு முன்னால் ஊரைவிட்டு நகர்த்த வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். பூசாரி கூத்தையாவின் தாயாரை உச்சிப்புளியில் இருக்கிற மகள் வீட்டுக்கு வேனில் அனுப்பிவைத்தது அவர்தான்.

"இன்னும் லைன்ல இருக்கியா?" என்றார் தங்கப்பாண்டி. "ஒரு பேச்சுக்குச் சொல்றேன். ஒரு பேச்சுக்குத்தான். அப்படி ஏதாச்சும் ஒண்ணு ஆகுதுன்னு வையி. நாளைக்குக் காலையில காப்பு அவுத்ததும் நானே கார் எடுத்துட்டு வந்துருவேன். ஊருக்குக் கொண்டாந்து, மதினி சமாதி பக்கத்துலயே வச்சு, ஒரு குறை இல்லாமச் செஞ்சுருவேன். இன்னிக்கே யார் வாய்லயாச்சும் இது விழுந்துச்சுன்னா, பெறகு அண்ணன் டவுன்லயே கெடக்க வேண்டியதுதான். நான் பொறுப்பில்ல. ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன்."

"தலமாட்டுல ஒரு வெளக்கு ஏத்திக்கிறேன் சின்னய்யா."

"எதுக்கு? உசுரோட இருக்கிற மனுசனுக்கு எதுக்குத்தா தலமாட்டுல வெளக்கு?" அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனவர் மாதிரி கேட்டார். "இன்னொண்ணு கேட்டுக்க. உங்க எதுத்த வீட்டுல நம்ம ஊரு கனகலட்சுமி டீச்சர் இருக்கா. அவ மூக்குக்குத் தெரியாம ராமநாதபுரத்துல ஒரு இட்லி வேகாது. உன் வீட்டுல இன்னிக்கு அடுப்பு எரியலன்னா அவளுக்கு மொத மணி அடிச்சிரும். நல்லா வாசமா எதையாச்சும் சமை. கறி ஆக்கு. டவுன்ல உனக்கு என்ன காப்பா, கத்திரிக்காயா? இழவு விழுந்த வீட்டுல எவளாச்சும் கறி ஆக்குவாளா? சனம் நம்பும்."

போன் அணைந்தது.

இமானுவேல் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அய்யாவின் தாடையைக் கட்டி முடித்தாள். கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டினாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஏசியைப் பதினெட்டில் வைத்தான் அவன்.

"கறி ஆக்கணுமாம்" என்றாள்.

"கேட்டுச்சு."

"கறிக்கு எங்க போறது இப்ப?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பிரிட்ஜ் இருக்கும் பக்கம் பார்த்தான். அவளுக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. வந்திருக்க வேண்டாம்.

இமானுவேல் கொரியாவில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் இரண்டு வருஷம் வெல்டராக இருந்தவன். திரும்பி வரும்போது முன்கையில் ஒரு தீக்காயத் தழும்பையும், வீட்டுக்கு ஒரு ஏசிக்கான பணத்தையும், அங்கே கூட வேலை பார்த்தவனிடம் கற்றுக்கொண்ட ஒரு சமையலையும் கொண்டுவந்தான். எலும்போடு தட்டையாக வெட்டிய பன்றிக்கறி. சோயா சாஸ், கொரியா மிளகாய் விழுது, பூண்டு, இஞ்சி, கறி மெத்தென்று ஆவதற்குத் துருவிய பேரிக்காய். பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் அவன் நம்மூர்க் கருப்பட்டியைத் தட்டிப்போடுவான். வறுத்த எள்ளை இடித்து நல்லெண்ணெயில் குழைத்து மேலே ஊற்றுவான். ஒரு ராத்திரி முழுக்க ஊற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் தோசைக்கல்லில் போட்டுச் சுடுவான். விழுது டப்பாக்களை மதுரையில் ஒரு கடையிலிருந்து வரவழைத்துக்கொள்வான்.

அய்யா வந்த முதல் ஞாயிறு, அந்த வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பன்றி அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. மிதித்தால் சாணி தெளிப்பார்கள். இரண்டாம் ஞாயிறு, "அது என்ன, எள்ளு வாசமா வருது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். நேற்று, சனிக்கிழமை சாயங்காலம், இமானுவேல் கறிப் பையோடு உள்ளே வந்தபோது கூப்பிட்டார்.

"மாப்ள."

பதினெட்டு வருஷமாக "இந்தாப்பா" என்றுதான் அழைத்திருக்கிறார். அதுவும் பண்டிகைக்குப் போன் பண்ணும்போது. இமானுவேல் பையைக் கீழே வைத்துவிட்டான்.

"அதுல எனக்கும் ஒரு துண்டு வையி."

"மாமா, இது என்ன கறின்னு தெரியும்ல?"

"மூக்கு போகலய்யா எனக்கு. சாகப் போறவனுக்கு என்ன சாதி? எந்த ஊர்க்காரன் பாக்கப் போறான்? குடு."

"இன்னும் ஊறலயே மாமா. ராத்திரி பூரா ஊறணும். அப்பத்தான் எலும்புலேர்ந்து கழண்டு வரும். நாளைக்கு மதியம் சுடச்சுடத் தாரேன்."

"நாளைக்கா?" என்றார் அய்யா. அவ்வளவுதான். கஞ்சி வேண்டாம் என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது அந்தப் பாத்திரத்தைப் பிரிட்ஜிலிருந்து எடுத்தபோது, கறி நன்றாக ஊறியிருந்தது. விரலால் அழுத்தினால் குழிந்தது. ஒவ்வொரு துண்டாக எடுத்து, மேலே ஒட்டியிருந்த விழுதை வழித்தாள் ஜெயசுதா. வழிக்காமல் போட்டால் கருப்பட்டி முதலில் கருகி, கறி வேகாமல் போய்விடும். கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. முதல் துண்டு கல்லில் விழுந்து சீறியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகை.

"கொஞ்சம் தணிச்சு வையி" என்றான் இமானுவேல். "கொழுப்பு ஓரம் சுருளாம இருக்க, விளிம்புல ரெண்டு எடத்துல கீறி விடணும்."

கீறினாள்.

"நேத்தே ஒரு துண்டப் பொரிச்சுக் குடுத்திருக்கலாம்ல" என்றாள், கல்லைப் பார்த்தபடி.

அவன் கரண்டியை வாங்கி, அடுத்த துண்டைத் திருப்பினான். தேவையில்லாமல் இன்னொரு முறையும் திருப்பினான்.

"ஊறாமப் போட்டா நல்லாருக்காதுன்னு நெனச்சேன்" என்றான்.

மிஞ்சிய விழுதைக் கல்லில் ஊற்றியதும் அது கொதித்துச் சுண்டி, சிவப்பாக மினுமினுத்தது. பூண்டும் எள்ளும் இனிப்பும் கலந்த வாசம் சன்னல் வழியாகத் தெருவுக்கு இறங்கிப் போயிற்று. தங்கப்பாண்டி கணித்தது தப்பவில்லை. கனகலட்சுமி டீச்சர் வாசலில் நின்றாள். கையில், தற்செயலாக, ஒரு கிண்ணம் இருந்தது.

"என்னடி சுதா, தெருவே மணக்குது! அய்யாவுக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்காக டீச்சர்."

"தூங்குறாரா?"

"ம்."

"தூங்கட்டும், தூங்கட்டும். நல்லாத் தூங்குனாலே பாதி நோய் போயிரும். காலையிலேயே கறியா? தேறிட்டாருன்னு சொல்லு." டீச்சர் எட்டிக் கல்லைப் பார்த்தாள். "ஆடா?"

"பன்னி டீச்சர்" என்றான் இமானுவேல்.

"சீ!" என்று டீச்சர் முந்தானையால் மூக்கை மூடினாள். கோத்திரம், குலதெய்வம், பரம்பரை எல்லாம் அந்த முந்தானைக்குள் சற்று நேரம் மூச்சுவிட்டன. பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள். "நம்ம வீட்டுக்காரருக்கு மூலத்துக்கு நல்லதுன்னு ஒரு வைத்தியர் சொல்லியிருக்காரு. மருந்துக்கு. நாலு துண்டு வையி. எலும்பு இல்லாத எடமாப் பாத்து."

மருந்து வாங்கிக்கொண்டு போன டீச்சர், வீட்டுக்குள் நுழையும் முன்னேயே ஊர் வாட்ஸப் குரூப்பில் பேசிப் போட்டுவிட்டாள். அதை இமானுவேல்தான் காட்டினான். "சோணைமுத்து அண்ணன் ஆத்தா புண்ணியத்துல நல்லாத் தேறிட்டாக. இன்னிக்கு மக வீட்டுல கறி விருந்து. நானே பாத்துட்டு வாரேன்" என்றது டீச்சரின் குரல். அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக முளைத்திருந்தன. ஒரு பையன், அய்யா கதராடையில் நிற்கிற பழைய படத்தைச் சுற்றிப் பூப்போட்டு, 'நூறாண்டு வாழ்க' என்று எழுதிப் போட்டிருந்தான்.

மதுரை ஹாஸ்டலில் இருந்து சிநேகா கூப்பிட்டாள். "அம்மா, தாத்தாவுக்கு நல்லாயிருச்சாமே!" ஜெயசுதா ஆமாம் என்றாள். சொந்த மகளிடம் சொன்னதைத்தான் அவளால் அன்று முழுக்க விழுங்க முடியவில்லை.

கறியைத் தட்டில் அடுக்கி, சோறு வைத்து, அய்யாவின் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்து முக்காலியில் வைத்தாள். டீச்சர் சன்னலில் நின்று பார்ப்பாள் என்று இமானுவேலிடம் காரணம் சொன்னாள். அந்தச் சன்னலுக்குத் திரை போட்டிருந்ததை அவன் நினைவூட்டவில்லை. ஏசிக் குளிரில் கொஞ்ச நேரத்தில் கொழுப்பு வெளுத்து உறைந்தது. சிவப்புக் குழம்பின் மேல் எள் மட்டும் மிதந்தது. யாரும் சாப்பிடவில்லை.

மதியம் தங்கப்பாண்டி மறுபடி கூப்பிட்டார். குரலில் இப்போது அம்மன் இல்லை.

"ஏத்தா, என்னத்தா செஞ்சு வச்சிருக்க?"

"நீங்க சொன்னதத்தான் சின்னய்யா."

"வாசம் வரட்டும்னு சொன்னேன். ஆளு எந்திரிச்சு உக்காந்துட்டாருன்னு யாரு சொல்லச் சொன்னது? இங்கன கமிட்டி கூடிப்போச்சு. 'மூத்தவர் கறி திங்கிற அளவுக்குத் தெம்பா இருக்கயில எளையவருக்கு எப்படி மொத மரியாத?'ங்கிறான் கூத்தையா. அவனுக்கு என்ன வந்துச்சு? சட்டம் பேசுறான். மாலைய எடுத்துக்கிட்டு நேர்லயே வந்து அண்ணன் கழுத்துல போட்டுட்டுத்தான் பாரி எடுப்பானாம். கார்ல ஏறி உக்காந்துட்டான். நானும் வாரேன். என்ன பண்ணப் போற?"

"நீங்க சொல்லுங்க சின்னய்யா. என்ன பண்ணட்டும்?"

"நான் எப்படிச் சொல்றது?" என்று கத்தினார் தங்கப்பாண்டி. "எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே!"

அன்று முழுவதிலும் அவர் சொன்ன வார்த்தைகளில் வேதனையோடு வந்தது அது ஒன்றுதான்.

ஜெயசுதா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அய்யா பக்கத்தில் நின்றாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூத்தையாவிடம் சொன்னால் திருவிழா நிற்காது. சாவு ஊருக்கு வெளியே. தங்கப்பாண்டியின் கழுத்து மட்டும்தான் காலியாகும். ஆனால் பதிலுக்கு அவர் ஊர் மயானத்தை அடைப்பார். அம்மா பக்கத்தில் இடம் இருக்காது. சாவைச் சொல்லும் உரிமையையும் புதைக்கும் இடத்தையும் ஒரே ஆள் கையில் வைத்திருந்தார்.

கார் வந்து நின்றபோது வெயில் இறங்கவில்லை. தெரு நாய்கள் குரைத்தன. கூத்தையா இடுப்பில் மஞ்சள் துண்டோடு தட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினார். தட்டில் திருநீறு, குங்குமம், துண்டு, பந்து மாதிரி சுருட்டி வைத்த சம்பங்கி மாலை. பின்னால் தங்கப்பாண்டி, மடிப்புக் கலையாத பட்டுக்கரை வேட்டியும் மணிக்கட்டில் மஞ்சள் காப்புமாக. எதிர்வீட்டு மாடியில் டீச்சர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தங்கப்பாண்டி அந்த வீட்டு வாசற்படியில் கால் வைத்தார். வலது கால்தான்.

"அண்ணன் முழிச்சிருக்காரா ஆத்தா?" என்றார் கூத்தையா.

"தூங்குவாருய்யா!" என்றார் தங்கப்பாண்டி, அவள் வாயைத் திறக்கும் முன். "சீக்காளி. தொந்தரவு பண்ணக்கூடாது. தட்ட எங்கிட்டக் குடு. அண்ணன் சார்பா நான் வாங்கிக்கிறேன். எழுந்திரிச்சதும் நானே போட்டுவிட்டுக்கிறேன்."

"சார்புல வாங்குறதுக்கு இது ரேசன் அரிசியா?" என்றார் கூத்தையா. அவர் சிரிக்கவில்லை. ஹாலை நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். அறைக்கதவின் அடியிலிருந்து வந்த குளிர் அவர் காலில் பட்டிருக்க வேண்டும், கீழே பார்த்தார். பிறகு ஜெயசுதாவின் முகத்தைப் பார்த்தார். ஊரில் பாதிப்பேரைச் சுடுகாட்டுவரை கொண்டுபோய் விட்டவர்.

"எப்படி இருக்காருத்தா?"

"அப்படியேதான் இருக்காக."

கூத்தையா தலையை ஆட்டினார். "எங்க ஆத்தாளும் உச்சிப்புளியில அப்படியேதான் இருந்தா. காப்பு அவுக்கிற வரைக்கும் அப்படியேதான் இருக்கான்னு எங்க அக்கா போன்ல சொல்லிக்கிட்டே இருந்துச்சு." மாலையை எடுத்து இரண்டு கையாலும் உதறி விரித்தார். "நான் பூசாரி. சீக்காளி அறைக்குள்ள வர மாட்டேன். ஆனா மரியாத கழுத்துல விழணும். கூடப் பொறந்த தம்பி கையால விழுந்தா அண்ணனுக்கும் பெருமதான். இந்தாங்க."

தங்கப்பாண்டி மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட மாலை. அதைப் பாம்பைப் பிடித்திருப்பவர் மாதிரி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். ஜெயசுதாவைப் பார்த்தார். அந்தக் கண்ணில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அவரை அப்படிப் பார்த்ததே இல்லை அவள்.

அவள் போய் அறைக்கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க சின்னய்யா" என்றாள்.

தங்கப்பாண்டி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

மூடிய கண்ணோடு, மாலையை முன்னால் நீட்டியபடி, ஒரு காலை வைத்துத் தடவி, மறு காலை இழுத்து, குளிருக்குள் வந்தார். கண்ணால் காணாத சாவும் சாவில்லை. அவர் கையைப் பிடித்து அவள் வழிகாட்டவில்லை. நகர்ந்து நின்றுகொண்டாள். முக்காலியில் கால் இடித்தது. தட்டு சரிந்து, உறைந்த கறித்துண்டொன்று அவர் வேட்டியில் விழுந்து, முழங்காலிலிருந்து கரைவரை வழுக்கிக்கொண்டே இறங்கித் தரையில் கிடந்தது. பட்டுக்கரைக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு, கோடு முழுக்க எள்.

"என்னத்தா அது?" என்று கிசுகிசுத்தார் கண்ணைத் திறக்காமல்.

"அய்யாவோட சாப்பாடு."

அவர் முகம் ஒரு கணம் கோணிற்று. மேலும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அன்று காலையிலேயே நின்றுபோயிருந்தது. கட்டிலின் விளிம்பு தொடையில் பட்டதும் குனிந்தார். இடது கை துழாவிப் போர்வையைத் தொட்டது, நெஞ்சைத் தொட்டது, தாடையைக் கட்டியிருந்த துணி முடிச்சைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது. விரல்கள் அந்த முடிச்சு என்னவென்று தெரியாதவை மாதிரி அதன் மேலே இருந்தன. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மூடிய இமைகள் துடித்தன. ஜெயசுதா காத்திருந்தாள். இப்போது திறப்பார் என்று நினைத்தாள். திறந்தால் தானும் வாய்விட்டு அழுதுவிடலாம் என்று நினைத்தாள்.

தங்கப்பாண்டி கையை எடுத்துக்கொண்டார். மாலையைக் குத்துமதிப்பாகப் போட்டார். திரும்பினார். கதவைத் தாண்டி ஹாலுக்கு வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"அசந்து தூங்குறாக அண்ணன்" என்றார் உரக்க. "போட்டதும் லேசாச் சிரிச்சாக."

கூத்தையா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறைப்பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. பூசைத் தட்டில் மிஞ்சியிருந்த மரியாதைத் துண்டை எடுத்து இமானுவேலின் தோளில் போட்டார். தங்கப்பாண்டி அதைப் பார்த்தார்.

"வேட்டியில என்ன?" என்றார் கூத்தையா வாசலில்.

தங்கப்பாண்டி குனிந்து பார்த்தார்.

"குங்குமம்" என்றார் கூத்தையாவே. "கொட்டிருச்சு போல. ஏறுங்க, பாரிக்கு நேரமாச்சு."

காப்புக் கட்டிய கையால் வேட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தங்கப்பாண்டி காரில் ஏறினார். மாடியில் டீச்சர் கைதட்டினாள். தெருமுனை திரும்பும்வரை இமானுவேல் பார்த்துக்கொண்டே நின்றான், தோளில் துண்டு எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாமல்.

ஜெயசுதா அறைக்குள் போனாள். விழுந்த கறித்துண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள். தரையைத் துணியால் துடைத்தாள். நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். மாலை கழுத்தில் விழவில்லை. முகத்தின் குறுக்கே விழுந்து, அய்யாவின் மூக்கையும் வாயையும் மூடிக் கிடந்தது.

மூச்சு முட்டுமே என்று அவசரமாக அதைக் கீழே இழுத்துவிட்டாள்.